ஜோடி பார்ப்பவர்

“உனக்கு கெய்ன் கம்மிம்மா” என்று அவர் என்னிடம் சொன்னபோது, நான் உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் சூடுகூட ஆகியிருக்கவில்லை. மல்லேஸ்வரத்தில் அவர் வீட்டு முன்னறையில், வேலைக்கான நேர்முகத்துக்காகப் போயிருந்தேன்.

கெய்ன் என்பது டிரான்சிஸ்டர் சமாச்சாரம். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, மூன்று கால்களோடு இருக்கும் கறுப்புப் பொருள் அது. ஒரு காலில் துளி மின்சாரம் கொடுத்தால் இன்னொரு காலில் அதைப்போலப் பல நூறு மடங்கு ஓடும். எத்தனை மடங்கு என்பதுதான் அதன் கெய்ன். மனிதர்களுக்கும் அது உண்டு என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

“அப்பா என்ன படிச்சிருக்கார்?”

“படிக்கல சார்.”

“அம்மா?”

“கைநாட்டு சார். ஆஸ்பத்திரில ஆயா வேலை.”

“அண்ணன், அக்கா?”

“யாரும் ஸ்கூல் முடிக்கல சார். எங்க வீட்ல படிச்சது நான் ஒருத்திதான்.”

கடைசி வரியைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன். அவர் அதை, நோயாளி சொல்லும் அறிகுறியை டாக்டர் கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டுக்கொண்டார். பிறகுதான் அந்தத் தீர்ப்பு வந்தது. “தப்பா எடுத்துக்காதே. உழைச்சா ஒப்பேத்திடலாம்” என்று ஆறுதலும் சொன்னார்.

நான் எலெக்ட்ரானிக்ஸில் பி.இ. படித்தவள். உள்ளே ஒன்றுமே கொடுக்காத இடத்திலிருந்து வெளியே ஒரு பி.இ. வந்திருக்கிறது என்றால், அவர் கணக்குப்படியே என் கெய்னை அளக்க அவர் மீட்டரில் இலக்கம் போதாது. இதை அன்றைக்கு நான் சொல்லவில்லை. வேலை வேண்டியிருந்தது.

வேலை கிடைத்தது. பொழுதுபோக்காக ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்குச் சாமான் பொட்டலம் அனுப்புகிற சின்னத் தொழில் அவருடையது. ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்பதற்கான ஆம்ப்ளிஃபயர். ஒரு போர்டு, கொஞ்சம் பாகங்கள், ஒரு விளக்கத் தாள். வாங்குகிறவர் வீட்டில் உட்கார்ந்து தானே பற்றவைத்துக்கொள்ள வேண்டியது. இப்படி விற்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் இவருடைய பொட்டலத்தில் மட்டும்தான் டிரான்சிஸ்டர்கள் ஜோடி பார்த்து வரும்.

ஜோடி எதற்கு என்றால், ஒரே கம்பெனி, ஒரே நம்பர், ஒரே பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிவந்த இரண்டு டிரான்சிஸ்டர்களுக்குக்கூட கெய்ன் ஒன்றாக இருக்காது. ஒன்று இருநூறு காட்டும், பக்கத்திலிருப்பது நானூறு காட்டும். செய்கிறவர்களே இந்த எல்லைக்குள் எங்கேயாவது இருக்கும் என்றுதான் எழுதியிருப்பார்கள். அவருடைய சர்க்யூட்டோ டிரான்சிஸ்டரின் கெய்னை அப்படியே நம்பி நிற்பது. இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. இரண்டும் சமமாக இல்லாவிட்டால் பாட்டு ஒரு பக்கமாகச் சாயும்.

“சர்க்யூட்ல குத்தமே கிடையாது. அதுக்கு லாயக்கா டிரான்சிஸ்டர்தான் கிடைக்க மாட்டேங்கறது” என்பார். எந்தப் பரீட்சையையும் அவர் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. எழுதுகிறவர்களைத்தான்.

அவர் ஜோடி பார்க்கிற அழகே தனி. காலையில் பூஜை முடித்து, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டையோடு வந்து உட்காருவார். மாமி, அதாவது அவர் மனைவி, டவரா டம்ளரில் காபி கொண்டுவந்து வைப்பார். ஆற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கொதிக்கிற டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, சன்னமாக முனகிக்கொண்டே குடித்து முடிப்பார். டம்ளரைக் கீழே வைத்த கையோடு முதல் டிரான்சிஸ்டரை எடுப்பார். மீட்டரின் மூன்று துளையும் தேய்ந்து தளர்ந்திருந்ததால், கால்களைச் செருகி, எண் நிலைக்கும்வரை கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். “முன்னூத்திப் பதினெட்டு” என்று கோவிலில் நட்சத்திரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மாமியின் பழைய அஞ்சறைப் பெட்டியில் அதற்குரிய கிண்ணத்தில் போடுவார். எந்தக் கிண்ணத்திலும் சேராதது மேஜைக்கு அடியில் இருந்த பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். அதற்குக் ‘கழிச்சது’ என்று பெயர். அதற்குள் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

“மறுபடி ஒரு தடவை பார்க்கலாமே சார்?” என்று வந்த புதிதில் கேட்டேன்.

“ஒரு தடவை பிடிச்சா தெரியாதா? எட்டாங்கிளாஸ்ல பெயிலானவன் எட்டாங்கிளாஸ்ல பெயிலானவன்தான்.”

டிரான்சிஸ்டர் மட்டுமில்லை. மார்க்கெட்டில் பீன்ஸை ஒன்றொன்றாக முறித்துப் பார்த்துக் கடைக்காரியிடம் திட்டு வாங்குவார். ஆட்டோவில் ஏறுமுன் டிரைவர் முகத்தைப் பார்ப்பார், மூன்றாவது ஆட்டோவுக்குத்தான் மனசு வரும். அதற்குள் மழை வந்துவிடும். மாமியே ஒருநாள் எனக்குச் சொன்னார்: “பொண்ணு பாக்க வந்தப்போ பாடச் சொன்னார். பாடினேன். என்னமா இருந்துதுன்னு எங்கப்பா கேட்டதுக்கு, ‘சுமார்’னார். இன்னிவரைக்கும் நான் சுமார்தான்.”

உள்ளேயிருந்து சார் குரல் வந்தது. “சுமார்னா மோசம்னு அர்த்தமில்லையே.”

“ஆமாம், பொறுக்கி எடுத்துண்டு வந்தேளே, கழிச்ச டப்பால போடாம!” என்றார் மாமி.

எனக்கு வேண்டியிருந்தது அந்த அறையின் ஜன்னலோர மேஜை. சர்க்யூட் வரைகிற மேஜை. வேலைக்கான விளம்பரத்தில் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். சேர்ந்த அன்று அவர் நிபந்தனை போட்டார்: “முதல்ல ஜோடி பார்க்கக் கத்துக்கோ. நீ அளக்கறதும் நான் அளக்கறதும் ஒண்ணா வர அன்னிக்கு ஜன்னல் மேஜை உனக்கு. ஆறு மாசத்துல வரலேன்னா, நோடம்மா, பாத்துக்கோ, பேக்கிங்தான்.” பி.இ. படித்துவிட்டுப் பொட்டலம் ஒட்டுகிறேன் என்று அம்மாவிடம் போய்ச் சொல்ல எனக்கு உத்தேசமில்லை.

ஒன்றாக வரவே இல்லை. அவர் முந்நூற்றுப் பதினெட்டு என்றதை நான் பிடித்தால் முந்நூறுக்கும் வராது. இன்னொன்றை எடுத்தாலும் அப்படியே. காலையில் அவர் முதலில் அளக்கிற நாலைந்தைத்தான் நானும் அளந்து பார்ப்பேன்; எப்போதும் என்னுடையதுதான் கீழே. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அதுதான் பெரிய தொந்தரவு. “கைராசின்னு ஒண்ணு இருக்கும்மா” என்று பரிதாபப்படுவார். எனக்கே ஒருகட்டத்தில் பயம் வந்துவிட்டது. விவேக் நகர் பஸ்ஸில் வீடு திரும்பும்போது என் விரல்களை நானே பார்த்துக்கொள்வேன்.

“இன்னாடி கையவே பாத்துனு கீற?” என்றாள் அம்மா.

“எங்க சாரு என் கை சரியில்லன்றாரு.”

“அந்தக் கையிலதான ஃபர்ஸ்ட் கிளாஸு எழுதுன? அவரு கைய பாக்கச் சொல்லு போ.”

அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதற்கிடையில் வாடிக்கையாளர்கள் போன் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஜோடி பார்த்த டிரான்சிஸ்டர் போட்டும் பாடகி நடுவில் நிற்கவில்லை, இடது பக்கம் ஒதுங்கிப் போகிறாள் என்று ஒருவர் புகார் சொன்னார். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், உங்க ரெண்டு காதும் ஜோடிதானான்னு ஒரு தடவை செக் பண்ணிக்குங்கோ” என்றார். கேலியில்லை, நிஜமான அக்கறையோடு சொன்னார். அடுத்த நாளே தன் செலவில் வேறு பொட்டலமும் அனுப்பினார். அவரை முழுதாக வெறுக்கவும் முடியாமல் செய்வது இந்த மாதிரி விஷயங்கள்தான்.

பிறகு மாமி சென்னையில் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போனார். சாருக்கு டிகாக்ஷன் போடத் தெரியாது. தெருமுனை தர்ஷினி ஓட்டலில் நின்றபடி, யாராவது தெரிந்தவரோடு ஒரே காபியைப் பாதிப்பாதியாகப் பங்கிட்டு பைட்டூ குடித்துவிட்டு, குளிரில் கையை வீசிக்கொண்டு நடந்து வருவார். ஜனவரி மாதம் அது. வந்து உட்கார்ந்து முதல் டிரான்சிஸ்டரைப் பிடித்தவர் முகம் மாறியது. இன்னொன்று. இன்னொன்று. எல்லாமே குறைவு. டிரான்சிஸ்டர் வாங்குகிற எஸ்.பி. ரோடு கடைக்காரரைப் போனில் பிடித்து, கெய்ன் குறைந்த சரக்கைக் கொடுத்துவிட்டதாகக் கன்னடத்தில் பாய்ந்தார்.

“ஏனப்பா இது? எல்லா லோ கெய்ன் மால் கொட்டிதியா!”

கடைக்காரர் அதே டப்பா, அதே பட்டைதான் என்று சத்தியம் செய்வது எனக்கே கேட்டது. நான் அவர் அளந்து வைத்ததை எடுத்து அளந்தேன். முதல் தடவையாக எங்கள் இருவர் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. ஜன்னல் மேஜை எனக்குத்தான் என்று நினைத்தேன். அவரோ, “பாரு, உன் அளவுக்கு இறங்கிடுத்து” என்று டிரான்சிஸ்டரைத் திட்டினார்.

மாமி திரும்பி வந்த காலையில், காபிக்குப் பிறகு, எண்கள் பழைய உயரத்துக்கு ஏறிவிட்டன. “செட்டிலாயிடுத்து” என்று சந்தோஷப்பட்டார். கடைக்காரரைக் கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டார். நான் அவர் கையைப் பார்த்தேன். கொதிக்கிற டம்ளரை விட்ட விரல்கள் சிவந்திருந்தன. அதே விரல்கள் டிரான்சிஸ்டரைக் கிள்ளிப் பிடித்திருந்தன.

சூடு ஏற ஏற டிரான்சிஸ்டரின் கெய்ன் ஏறும். இது இரண்டாம் வருடப் பாடம். நான் அதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது ஒரு நாள் மல்லேஸ்வரத்தில் என் கண் முன்னால், ஃபில்டர் காபி வாசனையோடு நடக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அப்படியென்றால் இத்தனை நாள் அவர் பார்த்த ஜோடி? காபி சூடு மாறாத விரலில் சுமாரான டிரான்சிஸ்டர் முந்நூற்றுப் பதினெட்டு காட்டியிருக்கும். விரல் ஆறிய பிறகு எடுத்த கெட்டிக்கார டிரான்சிஸ்டரும் அதே எண்ணைக் காட்டியிருக்கும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கல்யாணம் பண்ணி வைத்திருந்தார். பாடகி ஏன் ஒதுங்க மாட்டாள்?

என் அளவு ஏன் எப்போதும் குறைந்தது என்பதற்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. அந்த வீட்டில் எனக்கும் காபி உண்டு. ஆனால் டவரா டம்ளரில் இல்லை. பிடி வைத்த பீங்கான் கப் ஒன்று ஜன்னல் கம்பியில் ஒரு கொக்கியில் தொங்கும். குடித்துவிட்டு வெளிக்குழாயில் நானே கழுவி, அதே கொக்கியில் மாட்ட வேண்டும். இப்படி ஒரு விதி இருப்பதாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. கொக்கியே சொன்னது. பிடி வைத்த கப்பில் கை சுடாது. எனவே என் விரல் சுடவில்லை. எனவே என் டிரான்சிஸ்டர்கள் உண்மையைச் சொன்னன. எனக்குத் தெரிந்து அந்த ஆசாரத்தால் நன்மையடைந்தது விஞ்ஞானம் ஒன்றுதான்.

மறுநாள் வீட்டுக் கொடியிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கிளிப்பைக் கழற்றிப் பையில் போட்டேன்.

“அடியே, துணி பறந்துடும்டி! அதெல்லாமா ஆபீஸுக்கு எடுத்துனு போவாங்க?” என்றாள் அம்மா.

“சாரு கைய பாக்கச் சொன்னியே. அதுக்குத்தான்.”

அன்று அவர் காபிக்கு முன்பே கேட்டேன். “சார், ஒரு சின்னச் சோதனை. ஒரே ஒரு டிரான்சிஸ்டர்.” தலையசைத்தார். அதைத் துணிக் கிளிப்பால் கவ்வி மீட்டரில் செருகி அழுத்தினேன். விரல் படவில்லை. எண் முந்நூறுக்குச் சற்றுக் கீழே வந்து அசையாமல் நின்றது.

“உன் கணக்குதான்” என்றார் இரக்கத்தோடு.

நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். “மாமி, எனக்கு ஒரு காபி வேணும். சார் குடிக்கிற மாதிரி டம்ளர்ல.”

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. மாமி நிலைப்படிக்கு வந்தார். கணவரைப் பார்த்தார். அவர் மீட்டரைப் பார்த்தார்.

“உன் கப்பு அங்கதானேம்மா இருக்கு?”

“அதுல பிடி இருக்கு மாமி. கை சுடாது. எனக்குக் கை சுடணும்.”

ஒரு காபி கலக்க ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. டம்ளர் வந்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். அவரைப்போல ஆற்றாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தேன். குடிக்காமல் பிடித்திருந்தாலே போதும்தான். ஆனால் சோதனையை அரைகுறையாகச் செய்வது என் வழக்கமில்லை. அதே டிரான்சிஸ்டரிலிருந்து கிளிப்பை எடுத்துவிட்டு விரலால் கிள்ளிப் பிடித்தேன். எண் மெல்ல மேலே நடந்தது. முந்நூறைத் தாண்டியது. முந்நூற்றுப் பத்தைத் தாண்டியது.

“ஏன்னா, உங்க கைல ஏறற மாதிரியே ஏறறதே!” என்றார் மாமி.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். அஞ்சறைப் பெட்டியைப் பார்த்தார், பிறகு மேஜைக்கு அடியில் இருந்த டப்பாவை. பேசும்போது குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

“உன் கெய்ன் ஏறித்தான் இருக்கும்மா.”

“டம்ளர் சூடு சார்” என்றேன்.

அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறவர்களுக்காக மீதியையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் ஒரு டஜன் துணிக் கிளிப் வந்து இறங்கியது. பொட்டலத்தின் மேல் ‘கை படாமல் ஜோடி சேர்த்தது’ என்று புதுச் சீட்டு ஒட்டினோம். விற்பனை கூடியது. வருகிறவர்களிடமெல்லாம், “நான் எப்பவுமே சொல்றதுதான், டிரான்சிஸ்டர்ல கை படப்படாது” என்றார்.

“எப்போ சொன்னேள்?” என்று மாமி உள்ளேயிருந்து கேட்டார்.

எனக்கு மறுநாள் காபி பீங்கான் கப்பில்தான் வந்தது. சோதனை முடிந்துவிட்டதல்லவா.

ஆனால் வாக்குத் தவறவில்லை, ஜன்னல் மேஜை வந்தது. அதில் உட்கார்ந்து முதல் வேலையாக அவருடைய சர்க்யூட்டில் கை வைத்தேன். டிரான்சிஸ்டரின் காலடியில் மின்சாரத்தை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர், மேலே இன்னும் ஒன்றிரண்டு மாற்றம். அவ்வளவு செய்தால், கெய்ன் இருநூறோ நானூறோ, ஒலி கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதை அந்த ரெசிஸ்டர்கள் முடிவு செய்யும். டிரான்சிஸ்டர் யார் வீட்டுப் பிள்ளை என்று சர்க்யூட் விசாரிக்காது. இதுவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறதுதான். போர்டைக் கட்டி அவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். சன்னமாக முனகினார். பாடகி நடுவில் நின்றாள்.

“பேஷ். எந்தக் கிண்ணத்து ஜோடி?”

“கழிச்ச டப்பா சார். கண்ணை மூடிக்கிட்டு எடுத்தது.”

ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வயரை ஒழுங்காகச் சுற்றிவிட்டு, “சுமார்” என்றார்.

உள்ளே மாமி சிரித்த சத்தம் கேட்டது.

“நன்னாத்தான் இருக்கு” என்று பிறகு அவரே இறங்கி வந்தார். “ஆனா இதை நம்ம விக்க முடியாதும்மா. எதை வேணா போடலாம்னா, ஜோடி பாக்கற நான் எதுக்கு?”

அவர் என்னிடம் சொன்னதிலேயே நேர்மையான வாக்கியம் அதுதான். அன்று மாலை செருப்பை மாட்டும்போது மாமி வாசல்வரை வந்தார். “சின்ன வயசுல பெரிய ஃபேக்டரி ஒண்ணுல இண்டர்வியூக்குப் போயிருந்தார். உள்ளே இருந்தவா இவர் காதுபடவே ‘சுமார்’னு சொல்லிட்டாளாம். அதுக்கப்புறம் வேற எங்கயும் போகலை” என்றார் மெதுவாக. சொல்லிவிட்டு, எதற்கோ பிராயச்சித்தம்போல, என் கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தார். பழத்துக்குக் கொக்கி தேவைப்படவில்லை.

ஆறு மாதம் முடிந்ததும் வெளியே வந்துவிட்டேன். “இன்னும் கொஞ்சம் இருந்தா நன்னா செட்டில் ஆயிருப்பே” என்றார். என்ன வேண்டும் என்று கேட்டார். கழிச்ச டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொள்ளவா என்றேன். “அதை வெச்சுண்டு என்னம்மா பண்ணப் போறே?” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. பகலில் வேறோர் இடத்தில் சர்க்யூட் வரைகிறேன். அங்கே டம்ளரும் இல்லை, கொக்கியும் இல்லை, மிஷின் காபிதான், யாருக்கும் பிடிக்காது. என் சொந்த ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் போர்டு போன வாரம் அச்சாகி வந்தது. விவேக் நகர் வீட்டில் அம்மா கட்டில் முழுக்கப் பரப்பிவைத்து, படிக்கத் தெரியாத எழுத்தில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

முதல் பொட்டலத்தை நேற்று கூரியரில் கொடுத்துவிட்டேன், மல்லேஸ்வரம் முகவரிக்கு. எல்லாப் பாகமும் உள்ளே இருக்கின்றன, டிரான்சிஸ்டர் மட்டும் இல்லை. அதற்குரிய இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன்: ‘உங்கள் மேஜைக்கு அடியில் இருக்கும் டப்பாவிலிருந்து ஏதாவது இரண்டு.’